கழுத்துல கட்டி, ரெண்டு ஊசி: அம்மாவுக்கு நடந்தது

வணக்கம்ங்க. சத்துவாச்சாரி வீட்டு மாடில இருந்து பேசுறேன், நம்ம வேலூர் வெயில் இப்பதான் இறங்குச்சு.

அம்மா குடியாத்தத்துல இருக்காங்க. தாடைக்குக் கீழ சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி. வலியே இல்ல. "நெறி கட்டியிருக்கு, மஞ்சள் பத்து போடு"ன்னாங்க அக்கம்பக்கத்துல. ஒரு மாசத்துல அது நெல்லிக்காய் ஆயிடுச்சு. ஒருத்தர் கீறி எடுத்துடலாம்னாரு. நல்லவேளை விடல. டிபி கட்டியா இருந்தா, கீறின இடம் ஆறாம புண்ணா ஒழுகிக்கினே இருக்கும்.

டாக்டர் எஃப்என்ஏசின்னு ஒரு ஊசி டெஸ்ட் எழுதினாரு. ஊசி குத்தினா உள்ள இருக்கிறது உடம்பு முழுக்க பரவிடும்னு அம்மா அழுதாங்க. இந்த பயம் நிறைய பேருக்கு இருக்கு. கழுத்து நெறில அப்படி பரவுறது ரொம்ப ரொம்ப அரிதுங்க. பயந்து தள்ளிப்போடுறதுதான் ஆபத்து.

எஃப்என்ஏசின்னா மெல்லிசு ஊசி, 22ல இருந்து 25 கேஜ் வரைக்கும். கேஜ் நம்பர் ஏற ஏற ஊசி மெல்லிசாகும். கட்டிக்குள்ள விட்டு செல்லை உறிஞ்சி, கண்ணாடில தடவிடுவாங்க. அஞ்சே நிமிஷம். ஆனா அம்மா ரிப்போர்ட்ல "செல் போதலை"ன்னு வந்துச்சு. கட்டி ஒண்ணுமில்லன்னு அதுக்கு அர்த்தம் இல்ல, பதிலே கிடைக்கலன்னு அர்த்தம். அதோட நிறுத்திடாதீங்க.

அடுத்தது கோர் பயாப்ஸி. மரத்துப்போற ஊசி போட்டு, ஸ்கேன்ல ரத்தக்குழாயைப் பார்த்து ஒதுங்கி, 18 கேஜ் ஊசியை விட்டாங்க. ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி 'டக்'னு சத்தம். நூல் துண்டு மாதிரி சதை வருது. தனித்தனி செல்லா இல்லாம, நெறியோட அமைப்பே அதுல தெரியும். லிம்போமா, அதாவது நெறில வர்ற புற்றுநோய், சந்தேகம்னா அமைப்பைப் பார்த்தே ஆகணும். சிலருக்கு இதுவும் பத்தாம முழு நெறியையும் எடுக்க வேண்டி வரும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க முன்னாடியே சொல்லிடுங்க.

இப்ப சொல்றதை மறக்காதீங்க. எடுத்த துண்டு மொத்தத்தையும் ஃபார்மலின்ல (சதை கெடாம வைக்கிற திரவம்) போட்டுட்டா கிருமி செத்துடும், கல்ச்சர் பண்ண, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. "டிபி டெஸ்டுக்கு ஒரு துண்டு சலைன்ல போகுதா டாக்டர்?"னு முன்னாடியே கேளுங்க, சலைன்னா உப்புத் தண்ணி. அந்தத் துண்டை ஜீன் எக்ஸ்பெர்ட் மெஷின்ல வெச்சா, சுமார் 2 மணி நேரத்துல டிபி கிருமி தெரியுதான்னும், ரிஃபாம்பிசின்ங்கிற டிபி மருந்துக்கு அது கட்டுப்படுமான்னும் சொல்லிடும்.

அம்மாவுக்கு டிபிதான். பாட்டி காலத்துல கண்டமாலைன்னு சொன்னாங்களே, அதேதான். 6 மாச மாத்திரை, கவர்மெண்ட்ல இலவசம். நடுவுல கட்டி கொஞ்சம் பெருசாச்சு, பதறிட்டோம். மருந்து வேலை செய்யும்போதும் சில பேருக்கு அப்படி ஆகும்னு டாக்டர் பார்த்துட்டு சொன்னாரு. மாத்திரையை நிறுத்தல.

எக்ஸ்ரேல நுரையீரல் சுத்தமா இருந்துச்சு. கழுத்து நெறில மட்டும் இருக்கிற டிபி இருமல்ல, எச்சில்ல மத்தவங்களுக்கு ஒட்டாது. அது தெரியாம அம்மா தனியா ஒரு தட்டு, டம்ளர் வெச்சிருந்தாங்க. போன வாரம் நான்தான் அதை எடுத்து மத்த பாத்திரத்தோட கலந்து அடுக்கினேன்.