அந்த வால்வு எங்கே கிடைக்கும்?

நேயர்களுக்கு வணக்கம். 2021-ல் கார் புக் பண்ணிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஷோரூமில் கேட்டால் "சிப் வரலை சார்" என்ற ஒரே பதில்தான். ஏன் வரவில்லை என்று சொல்ல அவர்களுக்கும் தெரியாது, பாவம்.

அந்த வருடம் பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் பனி கொட்டி கரண்ட் போனது, ஆஸ்டினில் இருந்த சிப் ஆலைகள் நின்றன. மார்ச் 19-ல் ஜப்பானில் சிப் செய்யும் ரெனசாஸ் கம்பெனியின் நாகா ஆலையில் தீ. நாலே நாளில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் குறுக்கே சிக்கி, ஆறு நாள் வழி அடைத்தது. இதற்கெல்லாம் முன்பே கொரோனா வந்து உட்கார்ந்திருந்தது. தனித்தனியாக வந்திருந்தால் எதையும் சமாளித்திருக்கலாம், சேர்ந்து வந்ததுதான் வினை.

பர்ச்சேஸ் வேலையிலேயே காலத்தை ஓட்டியவன் நான். எங்கள் ஆட்களிடம் நான் ஓயாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு, உங்களையும் விடப்போவதில்லை. 1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை விடியற்காலை, ஜப்பானில் கரியா என்ற ஊரில் ஐசின் கம்பெனியின் ஆலை ஒன்று எரிந்துபோனது. அங்கே செய்தது பிரேக்குக்கான சின்ன வால்வு. பிரேக் அடிக்கும்போது பின்சக்கரம் வழுக்காமல் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆனால் டொயோட்டா கார்களுக்குத் தேவையான வால்வு ஏறக்குறைய முழுக்க அந்த ஒரே இடத்திலிருந்து. கையிருப்போ ரொம்பக் கொஞ்சம்தான். டொயோட்டா ஆலைகள் வரிசையாக நின்றன.

அப்புறம் நடந்ததைத்தான் கவனியுங்கள். விலை பேசவில்லை, ஒப்பந்தம் போடவில்லை. வரைபடங்கள் கைமாறின, தெரிந்த பட்டறை, தெரியாத பட்டறை எல்லாம் இறங்கின. தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனிகூட இந்த வால்வைக் கடைந்தது! தையல் மெஷின்காரர்கள், கார் பிரேக்! ஒரு வாரம் போல ஆனதும் கார்கள் பழையபடி வர ஆரம்பித்துவிட்டன. பணம் கணக்கெல்லாம் பிறகு பார்த்துக்கொண்டார்கள்.

சரி, ஸ்டாக் வைத்தால் போதாதா என்பீர்கள். 2011 நிலநடுக்கத்தில் இதே நாகா ஆலை மாதக்கணக்கில் படுத்தபோது, சிப்பை மட்டும் இரண்டு முதல் ஆறு மாதம் வரை இருப்பு வையுங்கள் என்று டொயோட்டா தன் சப்ளையர்களிடம் சொன்னது. அதனால் 2021 தொடக்கத்தில் மற்றவர்கள் திணறியபோது தாக்குப்பிடித்தது. செப்டம்பரில் அதுவும் உலக உற்பத்தியை 40 சதவீதம் குறைக்க வேண்டி வந்தது, அது வேறு. ஸ்டாக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுக்கும், நேரம் மட்டும்தான்.

நான் கேட்கச் சொல்வது வேறு ஒன்று: உங்கள் சப்ளையருக்கு யார் சப்ளை பண்ணுகிறார்? ரப்பர் சீல் ஒன்றுக்கு நாங்கள் ரொம்ப சாமர்த்தியமாக இரண்டு பேரை வைத்திருந்தோம். போய்ப் பார்த்தால் இரண்டு பட்டறையிலும் ஒரே டீலருடைய ரப்பர் மூட்டைகள்! அவர் கடையில் ஒரு நாள் ஷட்டர் இறங்கினால் இரண்டு பேரும் கை விரிப்பார்கள். திரும்பவும் சொல்கிறேன், பேப்பரில் இரண்டு பெயர் இருப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை, அதற்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். சிறு பட்டறைகளின் பணத்தைப் பற்றிப் பேச நிறைய வைத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சிறு தொழில்களிடம் வாங்கிய பொருளுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்பது 2006-ல் வந்த சட்டம். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், எத்தனையாவது நாளில் கைக்கு வருகிறது என்று. நெருக்கடி நேரத்தில் ஞாயிற்றுக்கிழமையும் மெஷினை ஓட்டச் சொல்லி நாம் போய் நிற்கப்போவது அவர் வாசலில்தான். வணக்கம்.