தப்பியவர்களின் மூளையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவோம்

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் தப்பிப் போன கதைகள் இப்போது படப் புத்தகங்களாக நம் பிள்ளைகள் கைக்கும் வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் பலவற்றில் ஒரே காட்சி: இருட்டு, காடு, துரத்தும் நாய்கள், கதவைத் திறந்து ஒளித்து வைக்கும் ஒரு நல்ல மனிதர். தப்பியவர் என்ன யோசித்தார், எப்படித் திட்டம் போட்டார் என்பதைக் காணோம். முதலில் சொல்ல வேண்டியதே அதுதான் என்பேன்.

எலன் கிராஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். அவரைப் பெற்ற தகப்பனே அவருடைய எஜமான். பதினோரு வயதில் எலனை, அந்த எஜமானின் மகளுக்குக் கல்யாணச் சீதனமாகக் கொடுத்துவிட்டார்கள். அந்த மகள் எலனுக்கு அக்கா முறை. அக்காவுக்குத் தங்கை சீதனம்!

கணவர் வில்லியம் தச்சு வேலை செய்பவர். 1848 டிசம்பரில் இருவரும் ஒரு திட்டம் போட்டார்கள். பார்வைக்கு வெள்ளைக்காரர் போல இருந்த எலன், உடம்பு சரியில்லாத ஒரு முதலாளியாக வேடமிடுவது. வில்லியம் அவருடைய அடிமையாகக் கூடவே வருவது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஆண் அடிமையோடு தனியாகப் பயணம் செய்யும் வழக்கம் அங்கே இல்லை. அதனால் ஆண் வேடம். கால்சட்டையை எலனே தைத்தார். முடியை வில்லியம் வெட்டிவிட்டார். மீசை தாடி இல்லாத முகத்தை என்ன செய்வது? முகவாயைச் சுற்றி மருந்துக் கட்டு. யாராவது பேச்சுக் கொடுத்தாலும் அதைக் காட்டித் தப்பிக்கலாம். கண்களுக்குப் பச்சைக் கண்ணாடி. சரி, ஓட்டலில் கையெழுத்துக் கேட்டால்? எலனுக்கு எழுதத் தெரியாது. வலது கையைத் துணியில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டார்.

ரயிலில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவர், எலனைச் சிறு வயதிலிருந்தே தெரிந்தவர். அவர் பேச்சுக் கொடுக்க, எலன் காது கேட்காதவர் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார். கப்பல் ஏற வேண்டிய சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று அதிகாரி அடம்பிடித்தார். கடைசியில் கப்பல் கேப்டனே பெயரைப் பதிந்துகொண்டார். கிறிஸ்துமஸ் அன்று காலையில் இருவரும், அடிமைமுறை இல்லாத வட மாநில நகரமான பிலடெல்பியாவில் இருந்தார்கள்.

இதை வகுப்பில் சொல்லும்போது, கையெழுத்துக் கட்டம் வந்ததும் நிறுத்துங்கள். "நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அப்புறம் ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும்: "அவங்களுக்கு ஏன் எழுதத் தெரியல?" அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது ஜார்ஜியாவில் சட்டப்படி குற்றம் என்று அப்போது சொல்லுங்கள். சவுக்கடிப் படம் எதுவும் தேவைப்படாது. ஏலம் போடுவது போல நடிக்க வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அமெரிக்கப் பள்ளிகள் சிலவற்றில் அப்படிச் செய்து, பிள்ளைகள் அவமானப்பட்டதுதான் மிச்சம்.

பிலடெல்பியாவோடு கதையை முடித்துவிடாதீர்கள். 1850இல் வந்த சட்டம், தப்பியவர்களை வட மாநிலங்களிலும் பிடித்துத் திருப்பி அனுப்ப வழி செய்தது. அவர்கள் குடியிருந்த பாஸ்டன் நகரம் வரை ஆள்பிடிப்பவர்கள் தேடி வந்ததால், தம்பதியர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே எழுதப் படிக்கக் கற்றார்கள், பிள்ளைகள் பெற்றார்கள். அடிமையாக இருக்கும்வரை பிள்ளை வேண்டாம் என்று இருந்தவர் எலன். அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தையும் எஜமானின் சொத்துதான். அடிமைமுறைக்கு முடிவு கட்டிய அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் ஜார்ஜியாவுக்கே திரும்பிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள்.

இன்னொன்று. கொடியில் காயும் ஒட்டுத்துணிப் போர்வைகளில் தப்பிப்பதற்கான ரகசியக் குறிகள் இருந்தன என்று ஒரு கதை உலவுகிறது. அழகான கதை, ஆனால் ஆதாரம் இல்லை என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. அதற்குப் பதிலாக வில்லியம் ஸ்டில்லைச் சொல்லுங்கள். பிலடெல்பியாவில் அடிமைமுறை எதிர்ப்புச் சங்க அலுவலகத்தில் வேலை பார்த்த கறுப்பினத்தவர். 1850இல் ஒருவர், சின்ன வயதில் பிரிந்த குடும்பத்தைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். அவர் சொன்ன தாய் தகப்பன் பெயர்களைக் கேட்டதும் ஸ்டில்லுக்குப் புரிந்துவிட்டது: எதிரே இருப்பவர் தன் சொந்த அண்ணன் பீட்டர். இப்படிப் பிரிந்த மற்றவர்களும் சேர வேண்டும் என்பதற்காகவே, தப்பி வந்தவர்களின் விவரங்களை ஸ்டில் எழுதி, மறைத்து வைத்து, 1872இல் நூலாக வெளியிட்டார்.

எலனின் தகப்பன் விஷயத்தைச் சின்ன வகுப்பில் விளக்க வேண்டியதில்லை. உயர்நிலை மாணவர்கள் கேட்டால் மழுப்பாதீர்கள். அடிமைப் பெண்ணுக்கு மறுக்கும் உரிமையே கிடையாது என்று நேராகச் சொல்லுங்கள்.