டாய்லெட்ல எதைப் போடலாம்? ரெண்டு டம்ளர் தண்ணி போதும்

[காட்சி: மேசை மேல ரெண்டு கண்ணாடி டம்ளர், ரெண்டுலயும் பாதி தண்ணி]

வணக்கம். இந்த டம்ளர்ல டாய்லெட் பேப்பர் ஒரு துண்டு போடுறேன். இதுல குழந்தைக்குத் துடைக்கிற வெட் வைப் ஒண்ணு. ரெண்டையும் ஸ்பூனால கலக்கலாம்.

[காட்சி: டம்ளர்கள், கிட்டத்துல]

பேப்பர் இழை இழையாப் பிரிஞ்சு, தண்ணியே வெள்ளையாயிடுச்சு. வைப்பை வெளிய எடுத்துப் பிழிஞ்சு, கொடியில காயப் போடலாம். நிறைய வைப்ஸ்ல பாலியஸ்டர் மாதிரி பிளாஸ்டிக் இழை இருக்கு, எங்க பிரியும்? பாக்கெட்ல ‘ஃபிளஷபிள்’னு போட்டிருந்தாலும் நம்பாதீங்க, முதல்ல டம்ளர்ல போட்டுப் பாருங்க. மூஞ்சி துடைக்கிற டிஷ்யூவும் சட்டுனு பிரியாது. ஈரத்துல கிழியக் கூடாதுன்னே செய்யறது அது.

[காட்சி: டாய்லெட் கோப்பையின் குறுக்குவெட்டுப் படம்]

கோப்பைக்குக் கீழ குழாய் வளையுது பாருங்க. அந்த வளைவுல எப்பவும் தண்ணி நிக்கும். சாக்கடை நாத்தம் வீட்டுக்குள்ள ஏறாம தடுக்கிறது அதுதான். துணியும் சானிட்டரி நாப்கினும் மாட்டுறதும் அங்கதான். சில சமயம் தாண்டிடும். "போட்டேன், போயிடுச்சே"ன்னு நினைப்போம். எங்க போச்சு? வெளிய சேம்பர்ல உட்கார்ந்திருக்கும். முடி வந்து சுத்திக்கும், கிச்சன் குழாயும் அங்கயே சேர்ந்தா எண்ணெயும் வந்து படியும்.

2017ல லண்டன் வைட்சாப்பல் பகுதியில சாக்கடைக்குள்ள 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு கட்டி. எடை 130 டன். கொழுப்பு, வைப்ஸ், நாப்கின் எல்லாம் இறுகிப் போனது. அதுல ஒரு துண்டை மியூசியத்துல வேற வச்சாங்க!

நம்ம ஊர்ல பெரிய தலைவலி நாப்கின். உள்ள இருக்கிற ஜெல் தண்ணியை உறிஞ்சி உப்பிடும். ஆனா போடுறவங்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல. எத்தனை வீட்டு பாத்ரூம்ல மூடி போட்ட குப்பைக் கூடை இருக்கு? விருந்துக்கு வந்த பொண்ணு அதைக் கையில எடுத்துக்கிட்டு ஹாலைத் தாண்டி வரணுமா? கூச்சத்துல கோப்பையில போட்டுடுறாங்க. ஒரு கூடையும் பழைய நியூஸ்பேப்பரும் உள்ள வச்சா பாதிப் பிரச்சனை தீர்ந்துச்சு. சுத்தி, குப்பை வாங்க வர்றவங்ககிட்ட தனியாக் கொடுக்கணும். சுத்திதான் போடணும்னு 2016 திடக்கழிவு விதிகள்லயே சொல்லியிருந்தாங்க. டயப்பர், காண்டம், பஞ்சு எல்லாத்துக்கும் இதே கூடைதான்.

மீந்த சாம்பாரை ஊத்தாதீங்க. பழைய மாத்திரையும் வேண்டாம். செப்டிக் டேங்க் வீடுன்னா பினாயிலையும் ஆசிடையும் அளவோட வைங்க. உள்ள மலத்தை மக்க வைக்கிறது பாக்டீரியா, அதைக் கொன்னுட்டா டேங்க் சீக்கிரம் ரொம்பும்.

மலம், சிறுநீர், தண்ணி, டாய்லெட் பேப்பர். இவ்வளவுதான் போகலாம்.

[காட்சி: திறந்த சேம்பர் மூடி]

ஏற்கனவே அடைச்சிருச்சா? திரும்பத் திரும்ப ஃபிளஷ் பண்ணாதீங்க, கோப்பை நிறைஞ்சு வழியும். ஆசிடும் ஊத்தாதீங்க, துணி கரையாது. அடுத்து வர்ற பிளம்பர் கைதான் வேகும். கம்பி விட்டு எடுக்கச் சொல்லுங்க. டேங்க்ல பிரச்சனைன்னா கழிவை உறிஞ்சி எடுக்கிற லாரியைக் கூப்பிடுங்க, ஆளை உள்ள இறக்காதீங்க. விஷவாயு மூணு நிமிஷம் கூட டைம் கொடுக்காது. பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்குறது, மனுஷங்க கையால மலம் அள்ளுறதைத் தடை செய்யற 2013 சட்டப்படி குற்றம். இறக்கினவங்க மேல கேஸ் வரும், வீட்டுக்காரரா இருந்தாலும்.