திப்பு சுல்தான் வாள் என்றார் கடைக்காரர்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ஐரோப்பிய வாள்களைச் சேகரிப்பது பற்றிப் பேச அழைத்தபோது, "ஒரு வாளைக் கையோடு எடுத்து வரட்டுமா?" என்று கேட்டேன். "ரேடியோவில் வாளைக் காட்டி என்ன சார் செய்வது?" என்று சிரித்தார்கள். எடுத்து வந்திருந்தால் ஒரு சத்தத்தையாவது உங்களுக்குக் கேட்க வைத்திருப்பேன். சினிமாவில் கதாநாயகன் வாளை உருவும்போது 'ஷ்ரீங்' என்று வருமே, அந்தச் சத்தம். மரத்தில் செய்து தோல் போர்த்திய உறையிலிருந்து உருவினால் அது வராது. இரும்பு உறையில்தான் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது, வாளின் கூர் உறையில் உரசித் தேய்கிற சத்தம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது காரைக்குடியில். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில், ஒரு கடையில் குத்துவிளக்குகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே ஒல்லியாக ஒரு வாள் சாய்ந்து நின்றது. விலை கேட்டேன். "இது சாதாரண வாள் இல்லண்ணே, திப்பு சுல்தான் வாள்" என்றார் கடைக்காரர். கையில் வாங்கிப் பார்த்தேன். குடை அளவுக்குத்தான் கனம். கைப்பிடியில் எஃகு மணிகள், ஒவ்வொன்றும் வைரம் மாதிரி பட்டை தீட்டியவை. அலகில் வெட்டுவதற்கு விளிம்பே கிடையாது. மூன்று பட்டையாக, கோணி ஊசி போல, முனை மட்டும்தான். இதை வைத்துக்கொண்டு திப்பு ஒரு வாழை மரத்தைக்கூடச் சாய்த்திருக்க முடியாது. ஆனாலும் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. வாங்கவும் இல்லை. வீட்டுக்காரம்மா பார்த்த பார்வை அப்படி.

பிறகு இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில், உலோகப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை கிடைத்துப் போனேன். அங்கே போய்ப் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் விட்டுவிட்டு வந்தது ஓர் அரசவை வாள் என்று.

அரசவை வாளின் மூதாதை ரேப்பியர் என்ற நீளமான குத்துவாள். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் அது சுருங்கி, இலேசாகி, 'ஸ்மால் ஸ்வோர்ட்' ஆனது. அடுத்த நூறு வருடம் ஐரோப்பாவின் கனவான்களுக்கு அது உடுப்பில் ஒரு பகுதி. வெர்சாய் அரண்மனைக்குள் சாதாரண ஆளும் போகலாம், ஆனால் இடுப்பில் வாள் இருக்க வேண்டும். இல்லாதவர்களுக்கு வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு பேண்ட் போட்டுக்கொண்டு போய், வாசலில் வாடகை வேட்டி வாங்கிக் கட்டியவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும்.

1780களில் தெருவில் வாள் கட்டிக்கொண்டு போகிற வழக்கம் ஓய்ந்துபோனது. அரசவையில் மட்டும் அது தங்கிவிட்டது. பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டன், நீராவி இயந்திரத்துக்கு ஜேம்ஸ் வாட்டோடு கூட்டுச் சேர்ந்தாரே அவர்தான், தன் தொழிற்சாலையில் இந்தப் பட்டை தீட்டிய எஃகு மணிகளையும் செய்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவை மின்னும். அதற்காகவே செய்தவை. இங்கிலாந்து அரசவை உடுப்பில் இந்த எஃகுப் பிடி வாள் இருபதாம் நூற்றாண்டு வரை இருந்தது. அதனால் சந்தைக்கு வருகிற அரசவை வாள்களில் பெரும்பாலானவை, தையற்கடைக்காரர்கள் சூட்டும் கோட்டுமாகச் சேர்த்து விற்ற பிற்காலத்துச் சரக்கு. வெள்ளிப் பிடி போட்ட பழைய லண்டன் வாள் கிடைத்தால் அது வேறு. வெள்ளியில் குத்திய முத்திரைகளில் ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து இருக்கும். அழியாமல் இருந்தால், பிடி எந்த ஆண்டில் செய்தது என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

நெப்போலியன் மாரெங்கோ போரில் வைத்திருந்த வாள் 2007ல் பிரான்சில் 48 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அது நம் வேலை இல்லை. என்னைப் போன்றவர்கள் வாங்குவது சாதாரணச் சிப்பாயின் வாள்.

என் முதல் வாள் அப்படிப்பட்டதுதான். பிரிட்டிஷ் ராணுவம் 1796ல் வகுத்த மாதிரிப்படி செய்த இலகு குதிரைப்படை வாள். இந்த வாளுக்கு ஒரு கதை உண்டு. 1790களில் ஃபிளாண்டர்ஸ் போருக்குப் போன ஆங்கிலக் குதிரைவீரர்கள் வாளை வீசத் தெரியாமல் தங்களையும் தங்கள் குதிரைகளையுமே வெட்டிக்கொண்டார்கள். பார்த்த ஆஸ்திரிய அதிகாரி ஒருவர், இது விறகு பிளப்பது போலிருக்கிறது என்றாராம். அந்த அவமானம் லே மார்ஷான் என்ற இளம் அதிகாரியைச் சுட்டது. ஊர் திரும்பியதும் பர்மிங்காம் வாள் தொழிலாளர் ஹென்றி ஆஸ்பர்னோடு உட்கார்ந்து ஒரு புது வாளை வடிவமைத்தார். அதை வீசுகிற பயிற்சி முறையையும் அவரே எழுதினார். நன்றாக வளைந்த அலகு, ஏறத்தாழ 33 அங்குலம், முனைப் பக்கம் போகப் போக அகலும். வெட்டுவதற்கென்றே பிறந்த வாள். பிரஷ்யர்கள் 1811ல் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். லே மார்ஷான் 1812 ஜூலை 22 அன்று ஸ்பெயினில் சலமாங்கா போர்க்களத்தில், குதிரைப்படைத் தாக்குதலை நடத்திப் போகையில் குண்டுபட்டு இறந்தார்.

அந்த வாளை ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கி வந்தேன். கறுத்துக் கிடந்தது. உலோகம் படித்த திமிர் வேறு. எமரித்தாளும் பாலிஷும் வாங்கி, மூன்று ராத்திரி உட்கார்ந்து தேய்த்து, எவர்சில்வர் கரண்டி மாதிரி ஆக்கிவிட்டேன். பெருமையோடு ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைக்காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெஜிமெண்ட் முத்திரை எங்கே?" என்றார். எந்தப் படை, எந்தப் பிரிவு, எத்தனையாவது வாள் என்று அங்கே பொடி எழுத்தில் குத்தியிருப்பார்களாம். இருந்த இடத்தில் நிழல் போல இரண்டு கோடுகள் தெரிந்தன. அலகில் கிரீடமும் எண்ணுமாக இருக்க வேண்டிய பரிசோதகர் முத்திரையில் பாதிக் கிரீடம் மிச்சம். அவர் ஒன்றும் திட்டவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

அதனால் ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். செந்துரு இருந்தால் தையல் மிஷின் எண்ணெய் விட்டு, துணியால் பொறுமையாக எடுங்கள். கருமை இருந்தால் தொடாதீர்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். வெறும் விரலால் அலகைத் தொட்டால் வியர்வை பட்ட இடத்தில் ரேகையே துருவாக எழும்பும். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், நம் ஊர் கடற்கரைக் காற்றுக்கு வாளையும் உறையையும் தனித்தனியே வைப்பது நல்லது.

இப்போது அந்த 'ஷ்ரீங்' சத்தத்துக்கு வருகிறேன். 1796 வாளுக்குக் கொடுத்தது இரும்பு உறை. சிப்பாய் தினமும் அணிவகுப்பில் உருவுவான், போடுவான், கூர் போய்விடும். கேப்டன் நோலன் என்று ஓர் அதிகாரி, இந்தியாவில் இருந்த 15ஆவது ஹுஸார் குதிரைப்படையைச் சேர்ந்தவர். 1853ல் குதிரைப்படை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஹைதராபாத் நிஜாமின் குதிரைவீரர்கள் ஒரு சண்டையில் கைகளையும் தலைகளையும் ஒரே வீச்சில் துண்டித்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டு, இது என்ன மாய வாள் என்று விசாரித்திருக்கிறார். பார்த்தால், ஆங்கிலேயப் படை கழித்துப்போட்ட பழைய அலகுகள்! நம் ஆட்கள் அதற்குத் தங்கள் வழக்கப்படி பிடி மாற்றி, அடியிலிருந்து நுனி வரை கூர் தீட்டி, மர உறையில் போட்டு வைத்திருந்தார்கள். சண்டையில் தவிர உருவுவதே இல்லை. வெட்டுவதற்கு எப்படிப் பயிற்சி கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பயிற்சியே கிடையாது, கூரான வாள் யார் கையில் இருந்தாலும் வெட்டும் என்று பதில் வந்ததாம். புத்தகம் வந்த அடுத்த ஆண்டே, கிரிமியா போரில் பாலக்லாவா என்ற இடத்தில் இலகு குதிரைப்படையை அழிவுக்கு அனுப்பிய அந்தப் புகழ்பெற்ற உத்தரவைக் கொண்டுபோனவரும், அன்றைக்கு முதலில் விழுந்தவர்களில் ஒருவரும் இதே நோலன்தான்.

ஐரோப்பிய அலகும் இந்தியப் பிடியும் சேர்வது அதற்கும் மிகப் பழைய வழக்கம். அப்படிப்பட்ட வாளுக்கு வடக்கே 'ஃபிரங்கி' என்று பெயர். நாம் பறங்கி, பறங்கிப்பேட்டை, பறங்கிக்காய் என்று சொல்கிறோமே, அதே சொல். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் அலகு ஐரோப்பிய வாளின் துண்டு. பிடி நம் கொல்லர் வேலை. அடுத்த முறை போனால் பிடியின் வேலைப்பாட்டோடு நின்றுவிடாமல் அலகையும் பாருங்கள்.

பார்க்கும்போது அதில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். இந்தத் துறையில் நான் கற்றுக்கொண்டது இதைத்தான். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் விளம்பரம். ஜெர்மனியில் சோலிங்கன் என்று ஓர் ஊர், ஐரோப்பாவின் பாதிப் படைகளுக்கு அலகு அடித்துக் கொடுத்த ஊர். ஸ்பெயினின் டொலேடோ வாளுக்கு மவுசு இருந்த காலத்தில், சோலிங்கன்காரர்கள் தங்கள் அலகிலேயே 'டொலேடோ' என்று பொறித்தார்கள், சில நேரம் எழுத்துப்பிழையோடு. ஸ்காட்லாந்தின் கூடைப்பிடி வாள்களில் 'ஆண்ட்ரியா ஃபெராரா' என்ற இத்தாலியக் கொல்லரின் பெயர் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அவர் காலமாகிப் பல தலைமுறைக்குப் பிறகும் அவர் பெயரில் வாள் வந்துகொண்டே இருந்தது, பெரும்பாலும் சோலிங்கனிலிருந்து. திருநெல்வேலி அல்வா என்று ஊரெல்லாம் போர்டு தொங்குவது மாதிரி. ஓடுகிற ஓநாய் முத்திரை ஜெர்மனியின் இன்னொரு வாள் ஊரான பாஸ்சாவுக்குச் சொந்தம், அதையும் சோலிங்கன் விடவில்லை. சில அலகுகளில் 1414 என்று இருக்கும். ஆண்டு என்று நினைத்துக் காசைக் கொட்டியவர்கள் உண்டு. அது ஆண்டு இல்லை, ராசி எண் மாதிரி ஒரு மந்திரக் கணக்கு. வாள் அதற்கு இருநூறு ஆண்டு இளையதாக இருக்கும்.

பர்மிங்காமின் தாமஸ் கில் தன் அலகில் 'வாரண்டட் நெவர் டு ஃபெயில்', ஒருபோதும் கைவிடாது என்று உத்தரவாதமே பொறித்தார். நியாயமாகச் சொன்னால், அவர் சரக்கு உண்மையிலேயே நன்றாக இருந்தது. அலகின் பள்ளத்தை இரத்தம் வடிவதற்கு என்று விற்பவர்கள் சொல்வார்கள். சும்மா. கனத்தைக் குறைத்து விறைப்பைக் காக்கத்தான் அந்தப் பள்ளம்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் அலகுள்ள வாள் ஆயுத விதிகளுக்குள் வருகிறது. நூறு ஆண்டு கடந்தது தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. வாங்குவதற்கு முன் உங்கள் ஊரில் உரிமம் வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். என் வாள்கள் இங்கிலாந்திலேயே வாங்கி அங்கேயே இருப்பவை.

கடைசியாக, இங்கிலாந்தில் இப்போது என் மேசைமேல் இருக்கிற வாள். வில்கின்சன் என்ற பெயரை சவர பிளேடில் பார்த்திருப்பீர்கள். அந்த நிறுவனம் 2005 வரை வாளும் செய்தது. அதிகாரிகளுக்கு விற்ற வாள்களில் கைப்பிடியை ஒட்டி, அலகின் முதுகில் பொடியாக ஒரு வரிசை எண் இருக்கும். 1850களிலிருந்து எழுதிய பேரேடுகள் தப்பியிருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால் எந்த நாளில் சோதித்தார்கள், யாருக்கு விற்றார்கள் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. என்னுடையது காலாட்படை அதிகாரி வாள். பிடியில் திருக்கை மீன் தோல் சுற்றி, மேலே செம்புக் கம்பி ஓட்டியது. கைக்காப்பில் விக்டோரியா ராணியின் 'வி ஆர்' முத்திரை. எண்ணை எழுதி அனுப்பினேன். தேதி வந்தது, 1850களின் நடுவில். வாங்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சீருடைக் கடையின் பெயர்! அந்தக் கடை யாருக்கு விற்றதோ.

ஆனால் அலகில் உடைமையாளரின் இரண்டு முதலெழுத்துகள் பொறித்திருக்கின்றன. அந்தக் காலத்து ராணுவ அதிகாரிகள் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடினேன். கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கிரிமியா போருக்குப் போனவர். இன்னொருவர் 1857ல் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தவர். அமைதிக் காலத்தில் அதிகாரிகளின் வாள் மொட்டையாகத்தான் இருக்கும், போருக்குக் கிளம்பும்போதுதான் கூர் தீட்டுவார்கள். என் வாளில் முனையிலிருந்து பாதி அலகு வரை அரம் போட்ட தடம் தெரிகிறது. இரண்டு பேருமே தீட்டியிருப்பார்கள். லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் பார்க்க வேண்டிய கட்டு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இங்கிலாந்து திரும்பியதும் முதல் வேலை அதுதான். இந்த முறை அலகைத் தேய்க்கவில்லை.

வணக்கம்.