தரையை மாற்ற வந்தவர்

அன்பு நண்பர்களே,

இப்போது பார்த்து முடித்தோமே 'ரெலேவ்' என்ற ஆவணப்படம், அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் பொறுப்பேற்பதற்கும் பிரெஞ்சில் அதுதான் சொல், வாரிசுத் தலைமுறைக்கும் அதுதான் சொல். அது எப்படிப் பலித்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

படத்தின் நாயகன் பென்ஜமின் மில்பியே நியூயார்க் சிட்டி பாலேயில் ஆடிப் பேர் வாங்கியவர். 2014 நவம்பரில் பாரிஸ் ஓபரா பாலேக்குத் தலைமையேற்க வருகிறார். பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் வேர்விட்ட குழு அது. நூற்றைம்பது பேருக்கு மேல் ஆடுகிறார்கள், ஐந்து படிநிலை. அவர் வந்த காலத்தில் கீழ்ப்படிகளில் ஏற, ஆண்டுதோறும் நடுவர்கள் முன் தனியாக ஆடிக்காட்ட வேண்டியிருந்தது. உச்சிப் படியான 'எத்துவால்', அதாவது நட்சத்திரம், நியமனத்தால் மட்டுமே கிடைக்கும்.

படம் அவர் அமைக்கும் ஒரே ஒரு புது ஆட்டத்தைப் பின்தொடர்கிறது: 33 நிமிடம், 16 பேர், 39 நாள் ஒத்திகை. அந்தப் பதினாறு பேரையும் அவர் நட்சத்திரங்களிலிருந்து எடுக்கவில்லை, பின்வரிசையிலிருந்து பொறுக்கினார். ஆளில்லாத பயிற்சிக்கூடத்தில் தானே ஆடி, தன் கைபேசியிலேயே அதைப் படம்பிடித்துக்கொள்கிறாரே, அந்த இடம் எனக்கு மிகப் பிடிக்கும். அங்கே அவர் குழுத் தலைவரே இல்லை, அடவு தேடும் ஆட்டக்காரர். கூட்டத்துக்கு நேரமாயிற்று என்று உதவியாளர் அவரைத் தேடி அலைவது தனிக் கூத்து!

ஆனால் என்னை உலுக்கியது தரை. கெட்டித் தரையில் குதித்துக் குதித்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லித் தரையை மாற்றவைக்கிறார், மருத்துவக் கவனிப்பு கேட்கிறார். சலங்கை கட்டி சிமெண்டுத் தரையில் தட்டடவு போட்டவர்கள் இந்த அவையில் இருந்தால், அவர்கள் முழங்காலைக் கேளுங்கள், சொல்லும்.

இன்னொன்று நிறம். வெள்ளை வரிசையில் ஒரு கறுப்புப் பெண் நின்றால் பார்வையாளர் கண் அங்கேயே போய்விடும் என்று அந்த நிறுவனத்துக்குள்ளேயே சொல்லக் கேட்டாராம். அவர் காலத்தில்தான் கலப்பினத்தவரான லெட்டீசியா கல்லோனி முதன்மை வேடம் ஏற்றார்.

படத்தின் மேல் எனக்கொரு குறை உண்டு. கேமரா அவர் தோளை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது. குழு நடனத்தில் ஆடுகிறவர்களை அவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளோடு ஒப்பிட்டார். காலமெல்லாம் பின்வரிசையில் ஒரே மூச்சாக ஆடியவர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும்? அவர்களிடம் படம் போய்க் கேட்கவில்லை.

2016 பிப்ரவரியில் விலகல் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு படம் பிரான்சில் திரையரங்குக்கு வந்தபோது குழுவின் தலைமை நாற்காலியில் ஒரேலி துய்ப்போன் இருந்தார். அந்தப் பதினாறு பேரில் ஜெர்மேன் லூவே, லியோனோர் போலாக், ஊகோ மார்ஷான் மூவரும் அடுத்த சில மாதங்களில் நட்சத்திரங்களானார்கள், துய்ப்போன் தலைமையில். 2023 மார்ச்சில், சியோல் நகரில் 'ஜிஸெல்' ஆடி முடித்த மேடையிலேயே, கியோம் தியோப் என்ற கறுப்பின இளைஞருக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது. மில்பியே போய் அப்போது ஏழு ஆண்டு ஆகப்போகிறது.