பெட்டி வந்தது, பேரேடு போகவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கடன் சங்கம். பெயர் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் வந்து பல வருஷம் ஆகிறது. நகைக்கடனுக்குப் போனால், எழுத்தர் முதலில் பேரேட்டில் எழுதுவார். பிறகு அதையே கம்ப்யூட்டரில் ஏற்றுவார். அப்புறம் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் கட்டுவார். "எதுக்குங்க ரெண்டு வேலை?" என்று கேட்டேன். "ஆடிட்டுக்கு வர்றவரு நோட்டைத்தான் சார் கேப்பாரு" என்றார்.

ஒருவர் ஒரு மணி நேரம் உழைத்தால் எவ்வளவு மதிப்புக்கு வேலை நடக்கிறது என்பதைத்தான் தொழிலாளர் உற்பத்தித்திறன் என்கிறோம். கம்ப்யூட்டர் வாங்கினால் அது தானே கூடிவிடும் என்று அமெரிக்காவிலும் நம்பினார்கள். கூடவில்லை. "கம்ப்யூட்டர் யுகம் எங்கும் கண்ணில் படுகிறது, உற்பத்தித்திறன் கணக்கில் மட்டும் காணோம்" என்று 1987-இல் சொன்னார் ராபர்ட் சோலோ. அதே வருஷம் பொருளாதார நோபல் பெற்றவர்.

இதற்குப் பழைய கதை ஒன்றைத் தோண்டி எடுத்தவர் பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர். எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் ஓடத் தொடங்கியது 1882-இல். அன்றைய ஆலைகளில் ஒரு பெரிய நீராவி எந்திரம் இருக்கும். கூரையை ஒட்டி நீளமாக ஓர் இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் பெல்ட் இறங்கும். மின்சாரம் வந்ததும் பல முதலாளிகள் நீராவி எந்திரத்தைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டும் பெல்ட்டும் அப்படியே. பெரிய லாபமில்லை. மிஷினுக்கு ஒரு மோட்டார் வைத்து, வேலை நகரும் வரிசைப்படி ஆலையையே மாற்றிக் கட்டிய பிறகுதான் பலன் தெரிந்தது. அதற்குள் 1920-கள் வந்துவிட்டன!

கம்ப்யூட்டரும் அப்படித்தான். அமெரிக்க உற்பத்தித்திறன் 1995-க்குப் பிறகு பத்தாண்டு போல வேகமெடுத்தது. ஐரோப்பாவும் கம்ப்யூட்டர் வாங்கியது, அந்த வேகம் வரவில்லை. பிரிட்டனிலேயே அமெரிக்க நிறுவனங்களின் கிளைகள் கம்ப்யூட்டரால் கூடுதல் பலன் எடுத்ததாக ஓர் ஆய்வு காட்டியது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும் பதவி உயர்வு கொடுப்பதும் அந்தக் கிளைகளில் வேறு மாதிரி.

ஆனால் கொஞ்சப் பணத்தில் சட்டென்று பலன் கிடைத்த இடமும் உண்டு, நமக்குப் பக்கத்திலேயே. 1997 ஜனவரியில் ஒரு காலை, கேரளத்தின் வடகரைக் கரையில் பதினோரு மீனவர்கள், வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டவிருந்தார்கள். 15 கிலோமீட்டருக்குள் வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் கிளம்பவிருந்தார்கள். அந்த வருஷமே அந்தப் பக்கத்துக் கடற்கரைக்கு செல்போன் வரத் தொடங்கியது. கடலில் இருந்தபடியே விலை கேட்டார்கள். மத்தி வீணாவது ஏறக்குறைய நின்றது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் கணக்கெடுத்தார்: மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, மக்கள் மீன் வாங்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. போனில் விலை கேட்டவரே படகைத் திருப்பினார். மேலே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் அந்தச் சங்கத்துக்குப் போயிருந்தேன். புதுக் கம்ப்யூட்டர், புது பிரிண்டர். பேரேடும் புதிது. பிரவுன் தாளில் அட்டைகூடப் போட்டிருந்தார்கள்.

வணக்கம்.