இரண்டு நாள் தாமதமாகப் பிறந்த சூப்பர் ஸ்டார்கள்: ஒரு ஹாக்கி இளம்புயலை எடைபோடுவது எப்படி?

[திரையில்: 17 செப்டம்பர் 1985 / 17 செப்டம்பர் 1997]

இந்த இரண்டு தேதிகளையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தேதியில் மாஸ்கோவில் பிறந்தவர் அலெக்சாண்டர் ஒவெச்கின். ஐஸ் ஹாக்கியின் உச்ச லீகான என்.எச்.எல்-லில் வேய்ன் கிரெட்ஸ்கி வைத்திருந்த 894 கோல் சாதனையை 2025 ஏப்ரலில் முறியடித்தவர். இரண்டாவது தேதியில் பிறந்தவர் ஆஸ்டன் மேத்யூஸ். 2023-24 சீசனில் மட்டும் 69 கோல் அடித்தவர். ஒரே பிறந்தநாள். இரண்டு பேருமே அவரவர் டிராஃப்டில், அதாவது புதிய இளம் வீரர்களை என்.எச்.எல். அணிகள் முறை வைத்து எடுக்கும் வருடாந்தரத் தேர்வில், முதல் ஆளாக எடுக்கப்பட்டவர்கள். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இரண்டே நாள் முன்னால் பிறந்திருந்தால், இருவருமே ஒரு வருடம் முன்பே டிராஃப்டுக்கு வந்திருப்பார்கள்!

ஒரு இளம் வீரர் பெரிய லீகில் தேறுவாரா என்று கேட்டால், எல்லோரும் முதலில் கோல் கணக்கைத்தான் எடுத்து வைக்கிறார்கள். நான் முதலில் தேடுவது பிறந்த தேதியை. ஏன் என்று சொல்கிறேன். கனடாவின் இளம் வீரர் கேவின் மெக்கென்னா எந்த அளவுக்குத் தேறுவார் என்று நடக்கும் சண்டைகளில் பாதி இதைக் கவனிக்காததால் வருகிறது. அவருக்கும் வருவோம், வீடியோவை ஓட்டிவிடாதீர்கள்.

டிராஃப்ட் பற்றிச் சுருக்கமாக: 32 அணிகள், 7 சுற்றுகள், சீசனில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை, முதல் இடம் யாருக்கு என்பதற்கு ஒரு குலுக்கல். அந்த வருடம் செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைகிறவர்கள்தான் முதல் முறையாக அதில் வர முடியும். பின்னணி அவ்வளவுதான்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த கதைக்கு வருகிறேன்.

[திரையில்: 18 × 365 = 6570]

2003 டிராஃப்ட். ஒவெச்கினுக்கு 18 நிறைவது செப்டம்பர் 17. இரண்டு நாள் குறைகிறது, அந்த வருடம் அவரை யாரும் எடுக்க முடியாது. ஆனால் ஃபுளோரிடா பேந்தர்ஸ் அணி ஒன்பதாவது சுற்றில் (அப்போது ஒன்பது சுற்றுகள்) அவர் பெயரைச் சொன்னது! அணியின் பொது மேலாளர் ரிக் டட்லியின் வாதம் என்ன தெரியுமா? லீப் வருடம். 1985-க்கும் 2003-க்கும் நடுவில் நான்கு லீப் வருடங்கள் வருகின்றன: 1988, 1992, 1996, 2000. வருடத்துக்கு 365 நாள் என்று வைத்தால் 18 வருடத்துக்கு 6570 நாள். ஒவெச்கின் பிறந்த நாளிலிருந்து 6570 நாள் எண்ணிப் பாருங்கள், 2003 செப்டம்பர் 13-இல் வந்து நிற்கும். 15-க்கு இரண்டு நாள் முன்னால்! கணக்கு சரிதான். லீக் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தத் தேர்வு செல்லாது என்று சொல்லிவிட்டது. அடுத்த வருடம் வாஷிங்டன் கேபிடல்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. 2005-06இல் அறிமுகமான சீசனிலேயே 52 கோல். ஒரு அணி காலண்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு நாள் எண்ணியிருக்கிறது என்றால், அந்தப் பையன் எப்படி ஆடியிருப்பான் என்று யோசியுங்கள். இளம் வீரர்களைத் தேடிப் பார்க்கும் எந்த ஸ்கவுட்டின் அறிக்கையும் இதைவிடத் தெளிவாகப் பேசாது.

மேத்யூஸ் கதை வேறு மாதிரி. கானர் மெக்டேவிட் முதலிலும் ஜாக் ஐக்கல் இரண்டாவதாகவும் போன 2015 டிராஃப்டை இரண்டு நாளில் தவறவிட்டார். சரி, இன்னும் ஒரு வருடம் ஜூனியர் லீகில் ஆடி எண்களைக் குவித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சுவிட்சர்லாந்துக்குப் போய், சூரிக் அணியில் வளர்ந்த ஆண்களோடு ஆடினார். 36 ஆட்டத்தில் 24 கோல், மொத்தம் 46 பாயின்ட். கோலுக்கு ஒன்று, கோலுக்கு வழிசெய்யும் அசிஸ்டுக்கு ஒன்று என்று எண்ணுவதுதான் பாயின்ட். 2016-இல் டொராண்டோ அவரை முதலில் எடுத்தது, என்.எச்.எல். அறிமுக ஆட்டத்திலேயே நான்கு கோல் அடித்தார். தாமதமாகப் பிறந்த பையன் கூடுதலாகக் கிடைக்கும் வருடத்தை யாரோடு ஆடிக் கழிக்கிறான் என்பது எனக்கு முக்கியம். 17 வயதுப் பையன்களோடு ஆடி எடுக்கும் நூறு பாயின்டைவிட, 28 வயதுக்காரன் தோளால் இடிக்கும்போது எடுக்கும் நாற்பத்தாறு அதிகம் சொல்லும்.

சரி, இரண்டு நாளுக்கு இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்பீர்கள். இரண்டு நாளை விடுங்கள், மாதங்களைப் பார்ப்போம். கனடாவில் சிறுவர் ஹாக்கி வயதுப் பிரிவுகள் ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிக்கப்படுகின்றன. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் அந்தப் பதினொரு மாதம் உயரத்திலும் பலத்திலும் அப்பட்டமாகத் தெரியும். பெரிய பையனுக்கு நல்ல அணி, நல்ல பயிற்சியாளர், அதிக ஆட்ட நேரம் எல்லாம் கிடைக்கும். டிராஃப்ட் வரைக்கும் இது தொடர்கிறது. ராபர்ட் டீனரும் அவருடைய சகாக்களும் 2013-இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியிட்ட ஆய்வு, டிராஃப்டில் தேர்வான கனடிய வீரர்களை எடுத்துக்கொண்டது. அவர்களில் ஜூலை முதல் டிசம்பருக்குள் பிறந்தவர்கள் சுமார் 34 சதவீதம்தான். ஆனால் அந்த மொத்தக் கூட்டமும் ஆடிய ஆட்டங்களில் 42 சதவீதமும், எடுத்த பாயின்டில் 44 சதவீதமும் அவர்களுடையது.

என்ன அர்த்தம்? ஆண்டின் பின்பாதியில் பிறந்தவர்களை அணிகள் தொடர்ந்து குறைத்து மதிப்பிட்டு வந்திருக்கின்றன. கோடிக்கணக்கில் டாலர் செலவழிக்கும் அணிகளே ஆண்டுக்கணக்காக இப்படித் தவறவிட்டிருக்கின்றன என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

[திரையில்: ஷேஃபர் 5.9.2007 / மெக்கென்னா 20.12.2007]

இப்போது மெக்கென்னா. கனடாவின் யூகான் பகுதி, வொயிட்ஹார்ஸ் ஊர்க்காரர். 2025 டிராஃப்டில் நியூயார்க் ஐலண்டர்ஸ் முதல் ஆளாக எடுத்த மேத்யூ ஷேஃபருக்கும் இவருக்கும் 106 நாள்தான் வித்தியாசம். ஆனால் மெக்கென்னாவின் டிராஃப்ட் ஆண்டு 2026. அந்த வரிசையில் 2008 செப்டம்பரில் பிறந்த பையன்களும் உண்டு. அவர்களோடு இவரை அப்படியே ஒப்பிட்டால், எட்டு ஒன்பது மாத வளர்ச்சியைச் சும்மா கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அப்படியானால் யாரோடு ஒப்பிடுவது? 2023 டிராஃப்டின் முதல் ஆளான கானர் பெடார்டோடு. மேற்குக் கனடாவில் இருவரும் ஆடியது அதே ஜூனியர் லீகில்தான்.

[திரையில்: பெடார்ட், 2022-23: 57 ஆட்டம், 143 பாயின்ட் / மெக்கென்னா, 2024-25: 56 ஆட்டம், 129 பாயின்ட்]

மேலோட்டமாகப் பார்த்தால் பெடார்ட் முன்னால். ஆனால் பெடார்ட் பிறந்தது ஜூலை 17. அந்த சீசன் முழுக்க அவருக்கு 17 வயது. மெக்கென்னா தன் சீசனைத் தொடங்கியபோது இன்னும் 16. ஐந்து மாதம் இளையவர். அந்த வயதில் ஐந்து மாதம் சாதாரணமில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெடார்டின் 143-இல் 71 கோல். மெக்கென்னாவின் 129-இல் 41 கோல், 88 அசிஸ்ட். அசிஸ்டுக்குக் கோல் அடிக்கும் கூட்டாளி வேண்டும். மெக்கென்னாவின் மெடிசின் ஹாட் அணி அந்த வருடம் லீகையே வென்றது. பெடார்டின் ரெஜைனா அணி, லீகை வெல்வது யார் என்று முடிவாகும் பிளேஆஃப் ஆட்டங்களின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அது மட்டுமல்ல, பெடார்ட் நடுவில் ஆடும் சென்டர், மெக்கென்னா ஓரத்தில் ஆடும் விங்கர். சென்டருக்குத் தற்காப்பிலும் சுமை அதிகம், அதனால் அணிகளிடம் மதிப்பும் அதிகம்.

அந்த 143 பாயின்ட் பெடார்ட் என்.எச்.எல்-லில் முதல் வருடம் எடுத்தது 68 ஆட்டத்தில் 61. சிறந்த அறிமுக வீரர் விருதும் அவருக்கே. ஆட்டத்துக்கு இரண்டரை பாயின்ட் என்பது ஒன்றுக்கும் கீழே இறங்கியது, அதுவும் ஒரு வெற்றிகரமான வருடத்தில். ஜூனியர் லீக் எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு போய் என்.எச்.எல்-லில் வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

மெக்கென்னா 2025-26இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போன முடிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கல்லூரி ஹாக்கியில் 23, 24 வயதுக்காரர்கள் எதிரே நிற்பார்கள். ஆனால் 2024 டிராஃப்டின் முதல் ஆளான மெக்லின் செலிப்ரினி பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 38 ஆட்டத்தில் 64 பாயின்ட் எடுத்தாரே என்று அவரோடு ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதே கட்டத்தில் செலிப்ரினி ஆறு மாதம் இளையவர்.

எண்களை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அலெக்சாண்டர் டெய்க். ஜூனியரில் 53 ஆட்டத்தில் 137 பாயின்ட், 1993-இல் முதல் தேர்வு. என்.எச்.எல்-லில் 616 ஆட்டத்தில் 327 பாயின்டோடு நின்றுவிட்டார். அவருக்கு அடுத்து இரண்டாவதாகப் போன கிறிஸ் புரோங்கர் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.

அதனால் தேதி, எண், அப்புறம் ஆட்டக் காட்சி. காட்சியில் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக வைத்து ஆடும் ரப்பர் வட்டை, பார்க்காதீர்கள், வீரரின் தலையைப் பாருங்கள். பக் பின்சுவரோரம் கிடக்கிறது, தற்காப்பு வீரரான டிஃபென்ஸ்மேன் அதை எடுக்கப் போகிறார், பின்னால் எதிரணி ஆள் பாய்ந்து வருகிறார். பக்கைத் தொடுவதற்கு முன் எத்தனை முறை தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணுங்கள். இரண்டு தோளுக்கு மேலேயும் பார்த்துவிட்டுப் போகிறவருக்குப் பக் கையில் வரும்போதே எங்கே தள்ளுவது என்று தெரிந்திருக்கும். பார்க்காமல் போகிறவர் ஜூனியரில் வேகத்தை வைத்துத் தப்பிப்பார், மேலே போனால் சுவரோடு நசுங்குவார். மெக்கென்னா மாதிரி விங்கரிடம் பார்க்க வேண்டியது அந்த அரை நொடிப் பொறுமை. எதிராளி ஒரு காலில் எடையை மாற்றும்வரை பக்கைக் கையில் வைத்திருந்து, மாற்றிய கணத்தில் மறுபக்கம் தட்டிவிடுவது. வேகமும் உயரமும் எல்லோருக்கும் கண்ணில் படும், அவற்றுக்கு நான் தேவையில்லை.

என் கணிப்பு: மெக்கென்னா ஒரு முதல் வரிசை விங்கர், அதாவது அணியின் சிறந்த தாக்குதல் கூட்டணியில் ஆடுவார். கோலைவிட பாஸால் ஆட்டத்தை நடத்துவார். பெடார்ட் அளவுக்கு கோல் அடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கோல்கீப்பர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஹென்ரிக் லண்ட்க்விஸ்ட் 2000-இல் 205-ஆவது தேர்வு, கானர் ஹெல்லபக் 2012-இல் 130-ஆவது. அவர்கள் முதிர்வது வேறு வேகத்தில், அதற்குத் தனி வீடியோ போடுகிறேன். நீங்கள் நம்பும் இளம் வீரர் யார்? பெயரோடு பிறந்த தேதியையும் சேர்த்து கமென்டில் எழுதுங்கள். மெக்கென்னா பற்றி நான் சொன்னது தப்பு என்று நினைக்கிறவர்கள் முதலில் எழுதுங்கள், அவற்றைத்தான் முதலில் படிப்பேன்.